பித்த மயக்கம் என்று பெயர் வைத்தோம்

அன்புள்ள ரெங்கனுக்கு,

கடிதம் என்றால் முதல் வரியில் நான் நலம் என்று எழுதி, அடுத்த வரியில் உன் நலத்தைக் கேட்க வேண்டும். முதல் வரியிலேயே பொய் வந்துவிடும் என்பதால் அதை விட்டுவிடுகிறேன். உன் நலம் எனக்குத் தெரியும். தினமும் சாயங்காலம் ஏழு மணிக்குப் போனில் உன் குரலைக் கேட்கிறேன். நீயும் தினமும் என்னைக் கேட்கிறாய், நானும் "எனக்கென்னப்பா, நல்லா இருக்கேன்" என்று ஒப்பிக்கிறேன். இந்த மூன்று நாலு மாதமாக அது உண்மை இல்லை. மூன்று நாள் போனிலேயே சொல்லிவிடலாம் என்று பார்த்தேன். நீ "அப்புறம்ப்பா?" என்பாய், நான் "அங்க மழை உண்டா?" என்று கேட்டு வைப்பேன். வாயால் வராததைக் கையால் எழுதிப் பார்க்கிறேன். மில்லில் முப்பத்திரண்டு வருஷம் ஷிப்ட் நோட்டு எழுதிய கை இது. எழுத்து புரியும்.

விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், பதறாமல் மீதியைப் படி. நீ புனேயிலிருந்து அனுப்புகிற மூலிகைத் தூளை நிறுத்திவிட்டேன். நிறுத்தச் சொன்னது ராஜபாளையத்தில் நான் பார்க்கிற டாக்டரம்மா. நீ வீடு மாறிய பிறகு அனுப்பி இப்போது வந்திருக்கிற டப்பாவைப் பிரிக்கவே இல்லை. தூளை நிறுத்துவது ஒன்றும் பெரிய காரியமில்லை, அந்தக் கசப்பு போனால் நாக்குக்கு விடுதலைதான். தூளோடு சேர்ந்து உன் ஏழு மணிப் போனும் நின்றுவிடுமோ என்பதுதான் என் பயம். பெற்ற பிள்ளைக்கு இப்படி எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் வெட்கப்பட்டு மறைத்து மறைத்துத்தான் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறேன்.

பொங்கலுக்கு நீ வந்திருந்தபோது நான் அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலில் பேசிக்கொண்டு நின்றுவிட்டேன். பாத்திரம் தீய்ந்து வீடெல்லாம் புகை. ஜன்னலைத் திறந்துவிட்டு உட்கார்ந்து பாத்திரத்தைத் தேய்த்தாய். நீ ஊருக்குத் திரும்பிய அடுத்த வாரமே முதல் டப்பா வந்தது. மேலே ஒரு மலைப் படம், மலைமேல் தாடி வைத்த ஒரு சாமியார், கீழே பொடி எழுத்தில் வல்லாரை, சங்குபுஷ்பம், அமுக்கரா என்று பதினெட்டு மூலிகைகளின் பட்டியல். ஞாபக சக்திக்கும் நரம்பு வலுவுக்கும் நல்லதாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சஞ்சீவி மலையைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டிருக்கிற ராஜபாளையத்தில் வேலை பார்த்தவன் நான். வத்திராயிருப்புப் பக்கம் மலையேறிவிட்டு வருகிறவர்கள் பை நிறைய வேரும் பட்டையும் கொண்டுவருவதை ஆயுசு முழுக்கப் பார்த்தவன். எனக்கு மகன் மராட்டிய தேசத்திலிருந்து மூலிகை அனுப்புகிறான். அன்று சாயங்காலம் ஏழு மணிக்கு நீ கூப்பிட்டு, "தூள் சாப்ட்டீங்களாப்பா?" என்று கேட்டாய். நான் எழுந்து போய்ப் பாலில் கலக்கி, போனைக் காதில் வைத்துக்கொண்டே குடித்து முடித்தேன்.

நீ ஏன் நரம்புக்கு என்று தேடி வாங்கினாய் என்று எனக்குத் தெரியும். அப்பாவுக்குப் பித்த மயக்கம், நரம்பு கொஞ்சம் பலவீனம் என்று சொல்லித்தான் உன்னை வளர்த்தோம். ரெங்கா, எனக்கு இருப்பது பித்தம் இல்லை. வலிப்பு. பத்தொன்பது வயதிலிருந்து இருக்கிறது. காலையிலும் இரவிலும் எவர்சில்வர் டப்பாவைத் திறந்து நான் போட்டுக்கொள்கிற வெள்ளை மாத்திரை அதற்குத்தான். அட்டையோடு வைத்தால் யாராவது பெயரைப் படித்துவிடுவார்கள் என்று உன் அம்மா ஒவ்வொன்றாகப் பிரித்து அந்த டப்பாவில் போட்டு வைப்பாள். நீ மூன்றாம் வகுப்பு படிக்கும்போது ஒரு நாள் கொல்லையில் விழுந்து கையும் காலும் எனக்கு வெட்டி வெட்டி இழுத்ததை நீ பார்த்துவிட்டாய். அம்மா உன்னைத் தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டில் விட்டு, அப்பாவுக்குப் பித்தம் தலைக்கேறிவிட்டது, வேறு ஒன்றுமில்லை என்று சொன்னாள். மறுநாள் நீ எங்கிருந்தோ ஒரு எலுமிச்சம்பழம் கொண்டுவந்து, பித்தத்துக்கு நல்லதாம் என்று என் கையில் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனாய். அன்றைக்கே உன்னை உட்காரவைத்துச் சொல்லியிருக்க வேண்டும். நான் பழத்தைப் பிழிந்து குடித்துவிட்டு ஷிப்டுக்குப் போய்விட்டேன்.

மறைப்பதில் எனக்குப் பழக்கம் அதிகம். உன் அம்மாவிடமே மறைத்துத்தான் கல்யாணம் செய்தேன். வீட்டில் மாத்திரை இருந்தால் தெரிந்துவிடும் என்று அதைத் தாளில் மடித்து டிபன் கேரியரின் அடித் தட்டில் வைத்து மில்லுக்குக் கொண்டுபோவேன், அங்கேயே போட்டுக்கொள்வேன். கல்யாணமாகி இரண்டு மாதம் இருக்கும், ஒரு நாள் அந்தத் தாள் மாத்திரையோடு கேரியரிலேயே தங்கிவிட்டது. கழுவ எடுத்தவள் கையில் சிக்கியது. அழுவாள், பிறந்த வீட்டுக்குப் போவாள் என்று நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் மாத்திரையை என் முன்னால் வைத்து, ஒரு செம்புத் தண்ணியும் வைத்தாள். "ஒளிச்சு வச்சுத் திங்கதுக்கு நான் என்ன அசலூர்க்காரியா? இனிமே எம் முன்னால போடுங்க," என்றாள். அன்றிலிருந்து முப்பத்தைந்து வருஷம், நான் விழுங்கித் தண்ணீர் குடித்துச் செம்பைக் கீழே வைக்கும் வரை அவள் அந்த இடத்தை விட்டு நகர்ந்ததில்லை. ஊருக்கு ஒரு பெயர் வேண்டும் என்று பித்த மயக்கம் என்ற பெயரைக் கண்டுபிடித்ததும் அவள்தான். என்மேல் இருந்த பிரியத்தில் சொன்ன பொய் அது, அவளை நான் குறை சொல்ல மாட்டேன்.

நீ பெரியவனான பிறகாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். சொல்லலாம் என்று நினைக்கும்போது உனக்குப் பரீட்சை வந்தது, அப்புறம் வேலை வந்தது, அப்புறம் பெண் பார்க்க ஆரம்பித்தோம். வலிப்புக்காரன் மகனுக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்று நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பயமுறுத்திக்கொண்டோம். கல்யாணம் முடிந்ததும், இனிமேல் சொன்னால் சம்பந்தி வீட்டில் ஏமாற்றிவிட்டார்கள் என்று பேச்சு வரும் என்று பயந்தோம். அதற்குள் பதினோரு வருஷமாக எனக்கு ஒரு தடவைகூட வரவில்லை. வராத நோயைப் பற்றி எதற்குப் பேச்சு என்று இருந்துவிட்டேன். மாத்திரை ஒழுங்காகப் போவதால்தான் வரவில்லை என்பது மறந்தே போனது.

அம்மா போய் நாலு வருஷம் ஆகிறது. மாத்திரையை நான் ஒரு வேளையும் விட்டதில்லை. ஆனால் போட்டாச்சா என்று கேட்க ஆளில்லை. செம்பைக் கீழே வைக்கிற சத்தம் இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று அவள் இருந்தவரைக்கும் எனக்குத் தெரியாது. உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. உனக்கு வேலை, வீடு, குடும்பம். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவாய், இரண்டு நிமிஷம் பேசுவாய், எனக்கும் அதற்குமேல் சொல்ல ஒன்றும் இருக்காது. தூள் வந்த பிறகு நீ தினமும் கூப்பிட்டாய். "தூள் சாப்ட்டீங்களாப்பா?" என்று கேட்கிறபோது உன் குரல் அப்படியே உன் அம்மாவின் குரல். அதே அதட்டல். அந்தத் தூள் வெறும் மண்ணாக இருந்திருந்தாலும் நான் கரைத்துக் குடித்திருப்பேன்.

பங்குனிக் கடைசியில் மூக்குக் கண்ணாடி மாற்றலாம் என்று ராஜபாளையத்துக்குப் பஸ் ஏறினேன். நம் ஸ்ரீவில்லிபுத்தூர் எல்லை தாண்டியது நினைவிருக்கிறது. அப்புறம் கண் விழித்தபோது பஸ்ஸின் தரையில் கிடந்தேன். பஸ் ஓரமாக நின்றுகொண்டிருந்தது. என் தலை முன்பின் தெரியாத ஒரு அம்மாளின் மடியில் இருந்தது, வேட்டி நனைந்திருந்தது, வலது கை நிறைய யாருடைய சாவிக் கொத்தோ இருந்தது. இரும்பைக் கொடுத்தால் நிற்கும் என்று யாரோ திணித்திருக்கிறார்கள். அந்த அம்மாள் அவர்களைத் திட்டிக்கொண்டிருந்தது அரைகுறையாகக் காதில் விழுந்தது. "சாவிய வச்சு என்னத்துக்கு? செத்த விலகுங்க, அவியளுக்குக் காத்து வரட்டும்," என்றார். பிறகு யாருக்கோ போன் போட்டுத் தெலுங்கில் ஏதோ சொன்னார், வரத் தாமதமாகும் என்றுதான் சொல்லியிருப்பார். சாவிக்காரர் என் பக்கத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார், கேட்டு வாங்கக் கூச்சம் போல. நானே நீட்டினேன். அந்த அம்மாள் என்னை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரி வரை கூட வந்து, பெயரைக்கூடச் சொல்லாமல் போய்விட்டார். அன்றைக்கும் ஏழு மணிக்கு நீ கூப்பிட்டாய். நான் வீட்டுக்கு வந்து குளித்து உட்கார்ந்திருந்தேன். தூள் சாப்பிட்டேன் என்று சொன்னேன். அது உண்மையும்கூட.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லியிருந்தார். ரத்தத்தில் மாத்திரையின் அளவு எவ்வளவு நிற்கிறது என்று பார்க்கிற டெஸ்ட் அது. எப்போதும் இருப்பதைவிட மிகவும் குறைந்திருந்தது. மாத்திரையை விட்டீர்களா என்று கேட்டார், ஒரு வேளையும் விடவில்லை என்றேன். "வேற மாத்திரை ஏதும் சாப்பிடுறீங்களா சார்?" என்று கேட்டார். இல்லை என்றேன். ரெங்கா, ஆண்டாள் சத்தியமாக நான் அந்த இடத்தில் பொய் சொல்லவில்லை. அவர் மாத்திரை என்று கேட்டார். நமக்கு மாத்திரை என்றால் அட்டையில் இருப்பது, மருந்துக்கடையில் சீட்டைக் காட்டி வாங்குவது. தூள் பாலில் கலக்கிக் குடிப்பது, அது சாப்பாட்டோடு சேர்த்தி. சுக்குக் காப்பி குடிக்கிறேன் என்று டாக்டரிடம் யார் சொல்வார்கள்? அந்த ஒரு சொல்லில் இரண்டு பேரும் வழி தவறிவிட்டோம். அவர் வேறு காரணம் தெரியாமல் மாத்திரையின் அளவைக் கூட்டி எழுதிக்கொடுத்தார்.

கூட்டிய மாத்திரையும் தூளும் சேர்ந்து ஒரு மாதம் ஓடியது. வைகாசியில் நீ வீடு மாற்றிக்கொண்டிருந்தாய். பெட்டி கட்டுகிற சத்தம் எனக்கே போனில் கேட்டது. அந்த நேரம் பார்த்து தூள் தீர்ந்துபோனது. சொன்னால் அந்த அலைச்சலிலும் உட்கார்ந்து ஆர்டர் போடுவாய் என்று சொல்லவில்லை. நீ கேட்கும்போதெல்லாம் "ஆச்சுப்பா" என்றேன். பொய் என்றால் அதுதான் பொய். இரண்டு மூன்று வாரத்தில் எனக்கு நடை கோணலாகிவிட்டது. தெருவில் போகிற ஒரு சைக்கிள் இரண்டாகத் தெரிந்தது. நாக்கு குழறியது. உன்னிடம் பல் வலி என்று சமாளித்தேன். ஒரு சாயங்காலம் கோயிலுக்குப் போனபோது ரத வீதியில் தள்ளாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மா வழக்கமாகப் பூ வாங்குவாளே, அந்தப் பூக்காரம்மா பார்த்துவிட்டது. கிட்டே வந்து மெதுவாக, "அக்கா போனதுக்குப் பொறவு இப்படி ஆயிட்டீகளே அண்ணாச்சி," என்றது. கண்ணில் தண்ணீர் வேறு. நான் குடித்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டது. நான் என்ன செய்தேன் தெரியுமா? தலையைக் குனிந்து ஆமாம் என்பது போல ஆட்டினேன். வலிப்புக்காரன் என்பதைவிடக் குடிகாரன் என்று இருப்பது எனக்கு லேசாகத் தெரிந்தது. வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொடாதவன் நான். வீட்டுக்கு வந்து அம்மாவின் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து வெகு நேரம் அழுதேன். உன்னிடம் இதைச் சொல்லக்கூடாது என்று இருந்தேன், சொல்லிவிட்டேன்.

மறுநாள் ஆட்டோ பிடித்து நேராக ராஜபாளையம் போனேன். மறுபடி ரத்த டெஸ்ட். இந்தத் தடவை மாத்திரையின் அளவு எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. தள்ளாட்டமும் குழறலும் அதனால்தானாம். டாக்டரம்மா இரண்டு டெஸ்ட் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கேள்வியை மாற்றினார். "காலையில எந்திரிச்சதுல இருந்து ராத்திரி படுக்கிற வரைக்கும் உங்க வாய்க்குள்ள என்னென்ன போகுது, ஒண்ணு விடாமச் சொல்லுங்க," என்றார். காப்பியில் ஆரம்பித்து இட்லி, சோறு, முறுக்கு என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். சாயங்காலம் பாலில் கொஞ்சம் தூள், ஒரு மூன்று வாரமாக அது இல்லை என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டார். அவர் சொன்னதிலிருந்து எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். அந்தத் தூளில் இருக்கிற ஏதோ ஒன்று மாத்திரையை உடம்பில் நிற்கவிடாமல் தள்ளியிருக்கலாம், அதனால் பஸ்ஸில் விழுந்திருக்கிறேன். அது தெரியாமல் மாத்திரையைக் கூட்டினார்கள். தள்ளுகிற தூள் நின்றதும் கூட்டிய மாத்திரை முழுசாக உடம்பில் ஏறிவிட்டது. பதினெட்டு மூலிகையில் எது செய்தது, டப்பாவில் எழுதாதது வேறு ஏதும் இருந்ததா என்று அவராலும் சொல்ல முடியவில்லை. அவர் கோபப்படவில்லை, சலித்துக்கொண்டார். "மூலிகை தப்புன்னு நான் சொல்லல சார். எனக்குத் தெரியாமச் சாப்பிட்டீங்களே, அதான் தப்பு," என்றார். மாத்திரையைப் பழைய அளவுக்குக் கொண்டுவர வழி சொல்லி, நீங்களாக எதையும் கூட்டவோ நிறுத்தவோ கூடாது என்று மூன்று தடவை சொல்லி அனுப்பினார்.

இப்போது நடை நேராகிவிட்டது. சைக்கிள் ஒன்றாகத் தெரிகிறது. ஆடிப்பூரத்துக்குத் தேரைச் சரிபார்க்கிற வேலை நடக்கிறது, தினமும் போய் நின்று பார்த்துவிட்டு வருகிறேன். பூக்காரம்மாவிடமும் போய் உண்மையைச் சொன்னேன், வெளி ஆளிடம் வலிப்பு என்ற வார்த்தையை நானாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. அதற்கு என்ன, எங்க சித்தப்பாவுக்கும் உண்டு என்று சொல்லிவிட்டு அது பூவைத் தொடுக்க ஆரம்பித்துவிட்டது. நாற்பது வருஷத்துக்கு மேலாக எதற்குப் பயந்துகொண்டிருந்தேன் என்று எனக்கே புரியவில்லை.

நீ இதைப் படித்துவிட்டு, என் கையாலேயே அப்பாவுக்கு வினை வைத்துவிட்டேனே என்று உட்கார்ந்துவிடாதே. உன்னை எனக்குத் தெரியும், அப்படித்தான் உட்காருவாய். உன்மேல் தப்பில்லை. நோய்க்கு நாங்கள் தப்பான பெயர் வைத்தோம், நீ அந்தப் பெயருக்கு மருந்து தேடினாய். மூன்றாம் வகுப்பில் எலுமிச்சம்பழம் கொண்டுவந்த அதே பிள்ளைதான் நீ, அன்றைக்கும் இன்றைக்கும் பொய் சொன்னது நான்தான். உனக்குப் பிள்ளை பிறந்தால் எந்த நோயையும் அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிடு. மருமகளிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு. சம்பந்தி வீட்டிலும் நானே சொல்கிறேன், அவர்கள் என்ன நினைத்தாலும் நினைக்கட்டும். உனக்கு எப்போதாவது தலை சுற்றினால், கண் இருட்டினால், பித்தம் என்று மட்டும் இருந்துவிடாதே, டாக்டரிடம் போ. போனால் அப்பாவுக்கு இது உண்டு என்று சொல். என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டால், அவர் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லாதே, கேட்காததையும் சொல்.

டாக்டரம்மாவின் நர்ஸ் என் போனில் மாத்திரைக்கு அலாரம் வைத்துக்கொடுத்திருக்கிறது, காலை எட்டு, இரவு எட்டு. அதனால் எனக்கு நினைவுபடுத்த யாரும் வேண்டியதில்லை. இதைப் படித்த பிறகு ஏழு மணி ஆனால் உனக்கு என்னிடம் கேட்க ஒன்றும் இருக்காது. கேட்க ஒன்றும் இல்லாமலே கூப்பிடு ரெங்கா. எனக்கும் சொல்ல ஒன்றும் இருக்காது, இருந்தாலும் கூப்பிடு. நீ கூப்பிட்டால் அடிக்கிற அதே மணியைத்தான் நர்ஸ் தெரியாமல் அலாரத்துக்கும் வைத்துவிட்டது. மாற்றத் தெரியும், மாற்றவில்லை. ஒவ்வொரு தடவை அது அடிக்கும்போதும் ஓடிப்போய்க் காதில் வைத்து, "சொல்லுப்பா" என்றுவிட்டு, அப்புறம்தான் மாத்திரை போடுகிறேன்.

உன் அப்பா